எந்த ஊரு, யாரு வேணும்?

டாக்டர், போன மாதம் மேடையில் நீங்கள் பொய் சொன்னீர்கள். ஆஸ்பத்திரி வெள்ளி விழாவில் மைக்கைப் பிடித்து, அருப்புக்கோட்டையில் நர்சுகளுக்குப் போனில் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்றீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள். பழைய ஊழியர் என்று என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். கை தட்டவில்லை.

எண்பதுகளின் கடைசியில் உங்களிடம் நர்சு வேலைக்குச் சேர்ந்தேன். பன்னிரண்டு படுக்கை, நர்சுகள் மேசையில் ஒரு கறுப்புப் போன். அடித்தால் எடுத்து, "எந்த ஊரு? யாரு வேணும்?" என்று கேட்போம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பட்டிக்காட்டுப் பேச்சு என்று உங்களுக்கு அதன் மேல் எரிச்சல்.

ஆனால் போன் எடுத்துப் பழகியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இந்தப் பக்கத்து ஆள் போனில் தன் பெயரைச் சொல்ல மாட்டார். யாரென்று கேட்டால் "நாந்தேன்" என்பார். பெண்கள் புருசன் பெயரை வாயில் எடுக்கவே மாட்டார்கள். "எங்க வீட்ல உள்ளவுக எப்படி இருக்காக?" என்று ஒருத்தி கேட்பாள். ஆண்கள் வார்டில் ஆறு பேர் படுத்திருப்பார்கள். ஆறு பேரும் யாரோ ஒருத்தியின் வீட்டில் உள்ளவர்கள்தான். அதனால் முதலில் ஊரைக் கேட்போம், பிறகு சீக்கைக் கேட்போம். ஆள் பிடிபட்டுவிடும். மல்லாங்கிணறு குடல்வால், காரியாபட்டி மூலம் என்றுதான் எங்களுக்குள் பேச்சு. காரியாபட்டிக்காரருக்கு இது தெரிந்திருந்தால் அன்றைக்கே எழுந்து போயிருப்பார்.

அப்புறம் ஒருமுறை மதுரைக்குப் போய் ஏதோ பெரிய ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். மறுநாள் போனுக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியாயிற்று. குட் மார்னிங், அதன் பிறகு ஆஸ்பத்திரியின் நீளப் பெயர், அதன் பிறகு வார்டு, அதன் பிறகு சிஸ்டர் இன்னார் ஸ்பீக்கிங், மே ஐ ஹெல்ப் யூ. எல்லாம் தமிழ் எழுத்தில். எங்களை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கு ஐந்து தடவை சொல்லச் சொன்னீர்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாவையும் விடவில்லை. ஆயா இரண்டாவது தடவையிலேயே நிறுத்திவிட்டது.

"இம்புட்டையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சீக்காளி போய்ச் சேந்துருவானே டாக்டரய்யா."

நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் அறையில் போன் அடித்தால் நீங்கள் எடுத்து "ம்" என்பீர்கள். உங்களைப் பெற்றவர் பேசினாலும் "ம்"தான். அதற்கு அட்டை கிடையாது.

அட்டையைப் படிக்க ஆரம்பித்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கும் குட் மார்னிங்தான், அட்டையில் வேறு இல்லையே. பாதிப் பேர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஏலே, எவளோ இங்கிலீசுக்காரி பேசுதா, வச்சிருவோம்" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. உங்களிடம் வந்து சொன்னேன். ஜனங்கள் பழகிக்கொள்வார்கள் என்றீர்கள்.

ஒரு சித்திரை மாதம். திருச்சுழிக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவரைப் பக்கத்து வீட்டுக்காரர் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார். கிணறு தூர்வாரும்போது காலில் துருப்பிடித்த கம்பி ஏறியிருந்தது. கால் வீங்கி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டதற்குக் கூட வந்தவர் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். நாலாம் நம்பர் படுக்கை கொடுத்தோம். நீங்கள் பென்சிலின் எழுதினீர்கள்.

முதலில் போடும் சோதனை ஊசியை எடுத்துத் தட்டில் வைத்தேன். போன் அடித்தது. உங்கள் அறைக்கதவு திறந்திருந்தது. அதனால் அட்டையை ஒழுங்காகப் படித்தேன். அட்டையில் வார்டு என்ற இடத்துக்கு வருவதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். ஊசியைக் கையில் எடுத்தேன். மறுபடி அடித்தது, மறுபடி படித்தேன். இந்தத் தடவை அந்தப் பக்கம் ஒரு பெண் மூச்சு வாங்குவது கேட்டது. அதுவும் நின்றுபோனது. மூன்றாவது தடவை அடித்தபோது அட்டையைப் பார்க்கவில்லை.

"எந்த ஊரு? யாரு வேணும்?"

"ஆஸ்பத்திரிதானா தாயி? ரெண்டு வாட்டி எங்கயோ போயிருச்சு."

ஊரைச் சொன்னாள். உரக்கடையிலிருந்து பேசுகிறாளாம். யாரு வேணும் என்றால் வீட்டில் உள்ளவுக. என்ன சீக்கு என்றேன். காலில் கம்பி என்றாள். நாலாம் நம்பர். தான் நிறைமாசம், பஸ்ஸில் வர முடியவில்லை என்றாள். அதற்குப் பிறகு ஊசி என்று ஏதோ சொன்னது இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுத்தா. என்ன ஊசி?" என்று கத்தினேன்.

"பென்சிலின் ஊசி தாயி. அவுகளுக்கு ஆகாது. முன்ன ஒருக்கா போட்டு மூச்சே நின்டுபோச்சு. கூட வந்தவருக்கு அது தெரியாது."

தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தேன். சோதனை ஊசிதானே என்று மற்றவர்கள் நினைக்கலாம். சோதனை ஊசிக்கே முகம் நீலம் பாரித்த ஆளை நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். "போடல. போட மாட்டோம். நீ வீட்டுக்குப் போயி படு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

திரும்பினால் வாசலில் நீங்கள். "அட்டை எதுக்கு ஒட்டியிருக்கு?" என்று கேட்டீர்கள். விஷயத்தைச் சொன்னேன். கேஸ் ஷீட்டை வாங்கிப் பென்சிலினை அடித்துவிட்டு வேறு மருந்து எழுதினீர்கள். மேலே சிவப்பு மையில், பென்சிலின் ஆகாது, விசாரித்ததில் தெரிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். விசாரித்தது யார் என்று எழுத இடம் இல்லை போலிருக்கிறது.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் என் பெயர். நோயாளியின் உறவினரிடம் தொலைபேசியில் மரியாதையின்றிக் கத்தியதால் மூன்று மாதம் துணி அறையில் வேலை. நோயாளிகளைப் பார்க்க வந்து போன சொந்தபந்தங்கள் எல்லாம் அதைப் படித்தார்கள். ஆயா மட்டும் தினமும் காலையில் பலகைக்கு முன்னால் நின்று அதற்கு ஒரு குட் மார்னிங் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கும்.

நாலாம் நம்பர் பதினோராம் நாள் நொண்டிக்கொண்டே நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது உங்கள் அறைக்கு வந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். நீங்கள் "ம்" என்றீர்கள். நான் துணி அறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். விழாவில் அந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைப் பார்த்த பிறகு முடியவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் காபி கொடுத்துச் சமாதானம் பேச வேண்டாம், நான் வர மாட்டேன். என் பெயரை ஊர் பார்க்க ஒட்டினீர்கள். பதிலையும் ஊர் கேட்கச் சொல்லுங்கள். அதே மேடை, அதே மைக். மூன்றாவது தடவையும் நான் உங்கள் அட்டையைப் படித்திருந்தால் நாலாம் நம்பர் என்ன ஆகியிருப்பார், டாக்டர்?