கூடத்துச் சுவரில் அத்தான்

கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்துகிறவளுக்கு நாற்பத்திரண்டு வயதில் படம் வரையும் ஆசை வந்தது. கைதான் சொன்னபடி கேட்கவில்லை. அவள் வரைந்த முதல் பூனையை அக்கா வீட்டுக்காரர் பிடுங்கி, விருந்துக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் காட்டினார்.

"இது பூனையா, கிழிஞ்ச தலையணையா?"

அவருக்கு நேராக ஒரு கோடு போடத் தெரியாது; வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் கறுவிக்கொண்டாள்.

அன்றிலிருந்து இரண்டு வருடம், மதிய இடைவேளையில் அவர் முகத்தையே வரைந்தாள். வாய் கோணிக்கொண்டது, காதுகள் கழுத்துக்கு இறங்கின. தேறவே இல்லை. கண்ணாடி மட்டும் அச்சு அசலாக வந்தது. அவருக்கு அளவெடுத்து மாட்டிவிட்டவளே அவள்தானே.

அப்படி வரைந்ததில் ஒரு படத்துக்குப் பெரிய சட்டம் போட்டு, அக்காவின் பிறந்தநாளுக்குக் கொடுத்தாள். தங்கை தன் கையால் வரைந்ததென்று அக்கா கண்கலங்கி, கூடத்தில் வாசலுக்கு நேரே மாட்டிவிட்டாள். கழற்றச் சொல்ல அவருக்கு ஏது தைரியம்?

வருகிறவர்கள் படத்தையும் அவர் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீங்களா?" என்றார்கள். "நான்தான்" என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

ஆறு மாதத்தில் இறங்கி வந்தார். "நல்ல ஓவிய வகுப்பா பார்த்து நானே சேர்த்துவிடறேன்மா. கத்துக்கிட்டு வேற ஒண்ணு வரைஞ்சு குடு."

"வகுப்பெல்லாம் எதுக்கு அத்தான்?" என்றாள் அவள், சட்டத்தின் தூசியைத் துடைத்தபடி. "அடுத்தது உங்களை முழு உருவமா வரையப்போறேன். அக்கா இப்பவே ஆணி அடிச்சு வெச்சிட்டா."