பச்சரிசி விசாரணை

ஜப்பான்காரர் ஆண்ட காலத்தில், மலாயாவில் மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பரஞ்சோதி மருந்து கொடுக்கும் டிரெஸராக இருந்தார். ஒருநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரைப் புட்டி காணாமல் போனது. கங்காணி சீனிவாசகம் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிறவர்களை வரிசையாக நிறுத்தி, அரிசியே கிடைக்காத அந்தக் காலத்திலும் ஆளுக்குக் கொஞ்சம் பச்சரிசி மெல்லச் சொன்னார். உலர்ந்த மாவாகத் துப்புகிறவர் திருடர். காலங்காலமாக இந்த மூடத்தனத்துக்கு விசாரணை என்று பெயர்!

மருதம்மாள் துப்பியது உலர்ந்திருந்தது.

“இவதான்! ஜப்பான்காரன்கிட்ட ஒப்படைச்சிடுவோம்” என்றார் கங்காணி. அங்கே போனவர்கள் யாரும் திரும்பியதில்லை.

பரஞ்சோதி முன்னால் வந்தார். “அண்ணே, நீங்களும் மெல்லுங்க. உலர்ந்து வந்தா உங்க பேரையும் எழுதிக் கொடுப்பேன்.”

“நான் எதுக்குலா திருடப்போறேன்?”

எல்லாரும் பார்த்திருக்க, வேறு வழியில்லாமல் கங்காணி மென்றார். துப்பியபோது மாவுதான் பறந்தது.

“புட்டிய எங்கண்ணே வச்சிருக்கீங்க?”

கூட்டம் சிரித்தது. பரஞ்சோதி சிரிக்கவில்லை. “பயந்தா யாருக்கும் எச்சில் வத்தும்ணே. திருடாதவனுக்கும் வத்தும். இத நம்பி ஒரு உயிரக் கொடுப்பீங்களா?”

கங்காணி வாயைத் துடைத்துக்கொண்டார். “போ புள்ள, வேலையப் பாரு.”

மருதம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “அடுத்த தடவ சோறாவே போடுங்க கங்காணி. மரவள்ளி தின்னு நாக்கு செத்துப்போச்சு.”