ஜெயிலுக்குப் போன ஸ்வெட்டர்

அந்த எம்.பி.யை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டதில்லை. எதிர்க்கட்சி வரிசையில் இருந்துகொண்டு எதற்கெடுத்தாலும் எழுந்து கத்துவார். மைக் கிடைத்தால் லேசில் விடமாட்டார். அவருக்காக நான் வேலை போய்விடுமோ என்று பயந்து பயந்து ஸ்வெட்டர் பின்னினேன் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அவசரநிலை வந்த வருஷம் அது. ஜூன் மாத வெயிலில் நாலு வேட்டி சட்டையோடு தில்லி வந்திருந்தவரை விடிகாலையில் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. டிசம்பர் வந்தும் விடவில்லை.

அவர் மனைவியை நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பார்த்தேன். புளியும் அப்பளமும் வாங்கப் போன கடை. அவரை அடையாளம் தெரிந்த தமிழ் ஆட்கள் ஒவ்வொருவராகப் பக்கத்துக் கடைக்கு நழுவினார்கள். பாவம், எல்லாருமே சர்க்கார் சம்பளக்காரர்கள். நானும்தான். ஆனால் அந்த அம்மாள் நேராக என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

"அம்மிணி, இதைய யாருங்க பின்னித் தருவாங்க?"

பை நிறையப் பச்சை உல்லன் நூல். கணவருக்கு ஆஸ்துமாவாம். போன தடவை ஜெயிலில் பார்த்தபோது துண்டைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டே இருந்தாராம். கடை ஸ்வெட்டர் எதுவும் அந்தப் பெரிய உடம்புக்கு ஏறாது. கம்பளி கேட்டு, டாக்டர் கேட்டு எழுதிய மனுக்களுக்குப் பதிலே இல்லை.

"இந்தக் குளிர அவரு தாங்கமாட்டாருங்க," என்றார்.

எனக்கு வந்ததே கோபம். எதிர்த்துப் பேசினார் என்பதற்காக ஒரு மனிதரைக் கேள்விமுறை இல்லாமல் பூட்டி, குளிரில் சாகவும் விடுவார்களா? அவரோடு சண்டை போடுவதற்காவது எனக்கு அவர் உயிரோடு வெளியே வேண்டும்.

"வாங்கக்கா, வீட்டுக்குப் போகலாம்," என்றேன்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில், எங்கள் முன் அறையில் டேப்பை எடுத்துக்கொண்டு நின்ற பிறகுதான் உறைத்தது, அளவெடுக்க ஆள் இல்லையே என்று. அந்த அம்மாள் யோசித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் வளைத்து, யாரையோ கட்டிக்கொள்வதுபோல் நின்றார்.

"இவ்வளவு இருப்பாருங்க. என்ற தலை அவரு தோளுக்கு வரும்."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். நான் அந்தக் கைகளுக்குள் டேப்பை ஓட்டி மார்பளவு எடுத்தேன்.

அடுத்த ஜெயில் சந்திப்புக்குள் ஸ்வெட்டர் முடிய வேண்டும். ஒற்றை ஆளாக என்னால் முடியாது. எங்கள் ஆபீஸில் குளிர்கால மதிய இடைவேளை என்றால் பெண்கள் எல்லாரும் புல்வெளி வெயிலில்தான் இருப்போம். வேர்க்கடலை, ஆரஞ்சு, ஊர்வம்பு, கையில் பின்னல் ஊசி. முன்பக்கத்தை நான் வைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னல் கற்றுக்கொடுத்த பஞ்சாபித் தோழிக்கு முதுகு. எங்கள் செக்‌ஷன் பெண்கள் இருவருக்கு ஆளுக்கொரு கை. என் மாமாவுக்கு என்று கூசாமல் புளுகினேன். தோழி அளவைப் பார்த்துவிட்டு, "அரே, உன் மாமா என்ன பெஹல்வானா? குஸ்தி போடுவாரா?" என்றாள்.

ஒருநாள் எங்கள் அதிகாரி வெயில் காய வந்தவர், நாலு பேர் கையிலும் ஒரே பச்சையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன, ஊருக்கே ஒரே கலரா? யாருக்கு?"

தோழி ஊசியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. "என் அண்ணனுக்குக் கல்யாணம், சாப். மாப்பிள்ளை ஊர்வலத்தில் எல்லாருக்கும் ஒரே கலர்." அவர் லட்டு எங்கே என்று கேட்டுச் சிரித்தபடி போனார். அவர் தலை மறைந்ததும் அவள் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "உன் மாமா ஜல்தி வெளியே வரட்டும்." அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஜெயில் வாசல்வரை போக எனக்குத் துணிவில்லை. எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். காவலாளி ஸ்வெட்டரை உதறினான், தையலைப் பிதுக்கிப் பார்த்தான், முடியாது என்று கையை ஆட்டினான். அந்த அம்மாளுக்கு இந்தியில் தெரிந்தது ஒரே வார்த்தை. "தண்டா," என்றார். குளிர். திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் யாரோ ஒருவர் வெளியே வந்து பார்த்து, உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது பை காலியாக இருந்தது.

"போட்டுக்கிட்டாருங்க அம்மிணி! ஆனாத் தொளதொளன்னு தொங்குது."

அழுகையும் சிரிப்புமாக என் தோளில் சாய்ந்தார். நாங்கள் அளந்தது ஜூன் மாதத்து மனிதரை.

அவரை விட்டது அதற்கடுத்த குளிர்காலத்தின் முடிவில், தேர்தல் அறிவித்த பிறகு. மறுவாரமே எங்கள் ஆபீஸ் புல்வெளிக்கு மனைவியோடு வந்து நின்றார். வேட்டி, அதன்மேல் அந்தப் பச்சை ஸ்வெட்டர். பாதி ஆளாக இருந்தார். பேச்சு மட்டும் இளைக்கவில்லை.

"வலது கை இறுக்கம், இடது கை தளர்ச்சி, முன்னாடி ஒரு மாதிரி, முதுகு ஒரு மாதிரி. இதைய ஒருத்தரே பின்னலீன்னு தொட்டதுமே தெரிஞ்சு போச்சுங்க. வெளிய உன்னைய யாரும் நெனைக்கறதில்லைன்னு உள்ள ஜெயில்காரங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ராத்திரியில இந்தக் கைய ஒருக்கா, அந்தக் கைய ஒருக்கா தடவிப் பாப்பேன். அவங்க சொன்னத நம்பவே இல்லீங்க."

"நான் உங்களுக்கு ஓட்டுப் போடமாட்டேன்," என்றேன்.

"போடாட்டிப் போங்க," என்று சிரித்தார்.

குஸ்திக்காரர் என்று கேலி செய்த தோழி எழுந்து வந்தாள். ஸ்வெட்டரின் இடுப்பில் தொளதொளவென்று தொங்கிய இடத்தைப் பிடித்துப் பார்த்தாள். பிரித்துச் சின்னதாகப் பின்னித் தரட்டுமா என்று கேட்டாள். அதை நான் அவருக்குத் தமிழில் சொன்னேன்.

அவர் இரண்டு கைகளையும் ஸ்வெட்டரின்மேல் கட்டிக்கொண்டார்.

"வேண்டாங்க. இதுக்குத் தக்கன நான் தேறிக்கறேன்."