ஜாஸ்பின் பார்க்க ஒரு பெட்டி

ஆரல்வாய்மொழியில் காற்றாலை பழுதுபார்க்கும் டைட்டஸ், மெயின் சுவிட்சை இறக்காமல் வீட்டை விட்டு இறங்கமாட்டான். கரண்டைத் துண்டிக்காமல் எதிலும் கைவைக்கக் கூடாது என்று வேலையில் படித்த பாடம் உடம்பிலேயே ஊறிவிட்டது. நல்ல பழக்கம்தான், யார் இல்லை என்றது?

அவன் மனைவி ஜாஸ்பின் மஸ்கட்டில் நர்ஸ். மகள் ராகேல் தவழ்கிற பருவத்தில் விமானம் ஏறியவள். பிள்ளை முதன்முதலாக எழுந்து நடந்ததை டைட்டஸ் போனில் பிடித்தான். அனுப்புவதற்குள் போன் நிரம்பிவிட்டது என்று எதையோ அழிக்கப்போய், அதையும் சேர்த்து அழித்துத் தொலைத்தான். ஜாஸ்பின் திட்டவில்லை. "எனக்க பிள்ள நடந்தத நான் பாக்கல்லியே" என்று மட்டும் சொன்னாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அதனால்தான் இந்தப் பெட்டி. பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, புதிதாக இரண்டு ஹார்டு டிஸ்க் போட்டான். ஒன்றில் பதிவது மற்றதிலும் அப்படியே பதியும்படி இரண்டையும் சேர்த்துக் கட்டினான். ஒன்று செத்தாலும் பிள்ளையின் சிரிப்பு மிஞ்சுமே. வீடியோக்களை எல்லாம் ஒரு ஃபோல்டரில் ஏற்றி, ஜாஸ்பின் அங்கிருந்தே திறக்க வழியும் செய்தான். தன் போனில் சோதித்தான். ஜோராக ஓடியது.

ஜாஸ்பினுக்கு இரவு டூட்டி, பகலில்தான் ஓய்வு. மறுநாள் மதியம் கூப்பிட்டாள். "ஒண்ணும் தொறக்கல்ல, கேட்டியளா."

சாயங்காலம் வந்து பார்த்தால் ஃபோல்டர் காலி. டைட்டஸுக்கு உயிரே போய்விட்டது. பெட்டியை நம்பி, போனில் இருந்ததை எல்லாம் அழித்திருந்தான், மகா புத்திசாலி. நெடுநேரம் துழாவிய பிறகுதான் டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது. கம்ப்யூட்டர் அணைந்து எழும்போதெல்லாம் அவற்றைத் தானாக ஃபோல்டரோடு இணைக்கச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். அதை மறந்திருந்தான். எழுதினான், எல்லாம் திரும்பி வந்தது.

அடுத்த நாளும் அதே புகார். சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கேபிளைச் சந்தேகப்பட்டான், டிஸ்க் விற்ற கடைக்காரனை மனசுக்குள் ஏசினான். அதற்கும் மறுநாள் காலை, பிள்ளையை அக்கா வீட்டில் விடக் கிளம்பியபோது, கை தானாக மெயின் சுவிட்சுக்குப் போயிற்று. அப்போதுதான் உறைத்தது. தினமும் கரண்டை நிறுத்திப் பெட்டியின் கழுத்தைத் திருகியவன் அவனேதான்; சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் அது தானாக எழுந்துகொண்டதால் தெரியாமல் போயிற்று. தலையில் அடித்துக்கொண்டு, சுவிட்சை அப்படியே விட்டுவிட்டுப் போனான்.

மதியம் ஜாஸ்பின் கூப்பிட்டாள்.

"எல்லாம் பாத்தேன்" என்றாள். "ஒறக்கம் முழிச்சதும் பிள்ள அப்பான்னா விளிக்கி?" என்று கேட்டாள்.

பிள்ளை கண்விழித்து அப்பா என்று கூப்பிடும் அந்த வீடியோவை ஏற்றும்போதே அவனுக்கு மனசு உறுத்தியது. ஆனால் இனி எதையும் அழிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

"ம்."

"நான் இருக்கும்போ அம்மான்னுதான விளிக்கும். எப்பம் இருந்து இப்பிடி?"

"கொஞ்ச நாளாச்சு, ஏட்டி."

மறுமுனையில் அழுகிற சத்தம் கேட்டது.

"செரி, வையுங்க" என்றாள் ஜாஸ்பின். "நான் அத இன்னொருக்கா பாக்கட்டு."