தபசில் பூட்டிய கணினி

கணினியைப் போட்டதும் முதலில் 'பீப்' என்று ஒரு கூரிய சத்தம் வரும். பிறகு கறுப்புத் திரையின் நடுவில் கடவுச்சொல் கேட்டு ஒரு சாம்பல்நிறப் பெட்டி வந்து நிற்கும். அந்தப் பெட்டியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதை அங்கே வைத்தவர் என் தாய்மாமா.

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். தவக்காலத்தில் கோயிலில் முன்னின்று பசாம் பாடுவதும் அவர்தான். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அந்த ஒப்பாரியை அவர் எடுத்தால் முன்வாங்கில் இருக்கும் கிழவர்கள்கூட மூக்கைச் சிந்துவார்கள். எங்கள் லிங்கநகர் வீட்டுக்குக் கணினி வந்த புதிதில், ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு முழுப் பசாமையும் அதில் பாடிப் பதிந்துவைத்தார். அடுத்த தவக்காலத்துக்கு அவர் இல்லை, நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது. தவக்காலம் தவிர மற்ற நாள்களில் பசாம் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்பதால், அம்மாவும் நானும் அந்தக் காலம் வரட்டும் என்று மாதக்கணக்காகக் காத்திருந்தோம்.

சாம்பல் புதனன்று அன்புவழிபுரத்திலிருந்து மாமா வந்தார். ஏதோ ஒரு குறுகியகாலப் பயிற்சியில் கணினி படித்துவிட்டு, அதை வைத்தே சொந்தக்காரர்களை மிரட்டிக்கொண்டிருந்த மனிதர். 'தபசு காலத்தில' படமும் விளையாட்டும் கூடாதென்று கணினியின் தொடக்க அமைப்புக்குள் போய், விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே கடவுச்சொல் கேட்கும்படி செய்துவிட்டார். தபசுக்காகத் தன்னுடைய சுருட்டைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் கணினியைக் கைவிட்டார்.

"அண்ணா, அவற்ர குரலை ஒருக்காக் கேட்டிட்டுப் பூட்டுங்கோவன்" என்று அம்மா கெஞ்சினார்.

"ஏலாது தங்கச்சி. உயிர்த்த ஞாயிறு முடியத் திறந்து தாறன். தபசெண்டால் தபசுதான்."

உயிர்த்த ஞாயிறு முடிந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாமாவுக்குக் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. அதை ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்காமல், கணினியைத் தூக்கிக்கொண்டு பட்டினத்துக் கணினிக் கடை ஒன்றுக்குப் போனார். அந்தப் பூட்டுக்கும் உள்ளே இருந்த கோப்புகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காசளவு மின்கலம் ஒன்றைக் கழற்றி மாட்டினாலே பூட்டுப் போயிருக்கும். ஆனால் அந்நாள்களில் எங்கள் ஊரில் கணினிக்குத் தடிமன் பிடித்தாலும் 'போர்மட்'தான் மருந்து.

"பூட்டையும் எடுத்து, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடச் சொன்னனான். இப்ப பாருங்கோ, என்ன வேகம்!" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார் மாமா.

அப்பாவின் பசாம் இருந்த கோப்பைத் தேடும்படி அம்மா என்னிடம் சொன்னார். அது இராது என்று தெரிந்தும் அம்மாவுக்காக வெகுநேரம் தேடினேன். அன்று அந்த மனிதரில் வந்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

இன்று அலுவலகங்களுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். இப்போதைய கணினிகள் சத்தமில்லாமலே எழும்பிவிடுகின்றன. மாமாவும் இருக்கிறார், ஒவ்வொரு தவக்காலமும் வீட்டுக்கு வந்து, "பழைய கதையை விடு பிள்ளை" என்கிறார்.

போன பெரிய வெள்ளியன்று என் மகள், தனக்கு அப்பப்பாவின் குரல் தெரியும், அம்மப்பாவின் குரல், அதாவது என் அப்பாவின் குரல், எப்படி இருக்கும் என்று கேட்டாள். தடித்த குரல் என்றேன். குசினியிலிருந்து அம்மா, "இல்லைப் பிள்ளை, மெல்லிய குரல்" என்றார். யார் சொல்வது சரி என்று எங்கள் இருவருக்குமே நிச்சயமில்லை. மாமா அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பசாம் பாடியவர்; கேட்டால் சரியாகச் சொல்லுவார். நான் கேட்கமாட்டேன்.