கோ சொல்லாத கை

யாராவது பின்னாலிருந்து முதுகில் தட்டினால் இன்றைக்கும் விருட்டென்று எழுந்துவிடுவேன். அஸ்தம்பட்டியில் நான் வேலை பார்க்கும் வங்கியில் எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை. இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர் பள்ளியில் எங்களுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்த பி.டி. சார். அவரை நினைத்தால் முதலில் சிரிப்பு வரும். பின்னாலேயே வயிறு எரியும்.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. பி.டி. பீரியட் வந்தால் எனக்கு வயிற்றுவலியும் வந்துவிடும். கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன். ஓடினால் வராண்டாவில் நிற்கும் பையன்கள் சிரிப்பார்கள். அதனால் வேப்பமரத்தடியே கதி. வேறு சாராக இருந்தால் முட்டி போட வைத்திருப்பார். இவர் ஒருநாள் பக்கத்தில் வந்து மண்ணிலேயே உட்கார்ந்தார். "ஓடறதுதான் உனக்குப் புடிக்காது. உக்கார்றது புடிக்குமல்ல? உக்கார்ற வெளையாட்டே ஒண்ணு இருக்குது, வா சாமி" என்றார். கோகோவைத்தான் சொன்னார். வரிசையாக எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். துரத்துகிறவள் பின்னாலிருந்து முதுகில் தட்டி "கோ" என்றால்தான் எழுந்து ஓட வேண்டும். அட, பாதி நேரம் சும்மா உட்காரலாமே என்று போனேன். பையன்கள் கண்ணில் படாமலிருக்க ஆட்டத்தையே சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் மாற்றினார். என்னைப் போல சாக்குச் சொன்னவர்கள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். எப்போது ஓட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. "தட்டு கண்டிப்பா வரும். நம்பி உக்காரோணும்" என்பார். நம்பினேன்.

பத்தாம் வகுப்பில் எங்கள் அணி மாவட்டப் போட்டிக்குத் தேர்வானது. என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டு வாங்கிய முதல் இடம் அது. அப்பாவுக்குக் கோழிப்பண்ணை, பெண்பிள்ளைக்கு விளையாட்டா என்பார். அனுப்பமாட்டார் என்று அழுதேன். "ஊட்டுக்கு வந்து நான் பேசறேன். நீ ஷூவத் தொடச்சு வெய்யி" என்றார் சார். துடைத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அம்மா காபி கொடுத்தாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"ஏனுங்க சார், பாப்பா என்னமோ மேட்சுங்குது?" என்றார் அப்பா.

"அதப் பேசத்தானுங்க வந்தேன். பத்தாவதுங்க. மார்க்கு எடுக்கற புள்ள. மேட்செல்லாம் இப்ப எதுக்குங்க? அனுப்பாதீங்க."

அப்பாவே திகைத்துப்போனார். "நீங்களே இப்படிச் சொல்றீங்களே சார்! போய்ட்டு வரட்டும்னு இப்பத்தானுங்க அவங்கம்மாகிட்டச் சொல்லிட்டிருந்தேன்."

"வேண்டாமுங்க" என்றார் சார். நிதானமாகக் காபியைக் குடித்து முடித்தார். அந்த டம்ளரைப் பிடுங்கி வாசலில் வீசவேண்டும்போல இருந்தது எனக்கு.

மறுநாளிலிருந்து பத்தாம் வகுப்புக்கு பி.டி. பீரியட் கிடையாது, கணக்குதான். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் அது வழக்கம். அந்த நேரத்துக்கு மேற்பார்வை பி.டி. சார்தான். மைதானத்துக்குப் போகும் வழியில் பிரம்போடு நின்றார். கெஞ்சிக் கூத்தாடி அவர் மண்ணில் இறக்கிய பெண்கள் இப்போது அவரிடம் கெஞ்சினார்கள். "கிளாசுக்குப் போங்க" என்றார். நிர்வாகம் நெருக்கியது, வேலை போய்விடும் என்று பயந்தார் என்று பின்னால் சொன்னார்கள். பயந்திருக்கட்டும். பச்சைப்பிள்ளையை ஷூ துடைக்கச் சொல்லிவிட்டா பயப்படுவது? அதற்குத் துரோகம் என்று பெயர். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் நாமக்கல்லில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இலைக்குக் காத்திருந்தபோது முதுகில் ஒரு தட்டு. எழுந்துவிட்டேன். தலையெல்லாம் நரைத்து, சார் நின்றார்.

"பேங்க்ல பெரிய ஆபீசராமா? அன்னைக்கு நான் உங்கப்பாகிட்ட அப்படிச் சொல்லலீன்னா ஆகியிருப்பியா சாமி?" முகமெல்லாம் பூரிப்பு.

"அப்பா அனுப்பறதாத்தானுங்க சார் இருந்தாரு."

"அதேதான்! எங்க சரின்னுருவாரோன்னு பயந்துதான் நானே நேர்ல ஓடியாந்தேன்" என்று சிரித்தார்.

அப்படியென்றால் ஷூவைத் துடைக்கச் சொன்னபோதே முடிவு செய்திருந்தார். மறுபடி முதுகில் தட்டினார். "நின்னுட்டே இருக்கற? உக்காரு சாமி, சாப்புடு."

தட்டினால் எழுந்து ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர், தட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.