ஏற வேண்டியதும் இறங்க வேண்டியதும்

கோவிட் காலத்தில், ஒரு ஜூலை மாதம், எனக்கு மூச்சு கிடைக்காமல் போனது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, மூச்சு இருக்கிற வரைக்கும் யாரும் அதை நினைப்பதில்லை. மலேசியாவில், காஹாங்கில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற நானும் நினைத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே செம்பனை வரிசைகள் பனியில் மிதந்தன. தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா தெரியவில்லை. சில நேரம் என் கட்டிலே லாரியாகி, சத்தமில்லாமல் அந்தப் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.

தினமும் காலையில் தாதி சுமதி ரத்தம் எடுப்பார். "நோய் கடுமையாகுமான்னு இந்த ரத்தத்துல உள்ள நம்பர் முன்னாடியே கொஞ்சம் காட்டும், அண்ணே" என்றார். கடுமையானால் தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் வைப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரர் அப்படிப் போனவர், திரும்பவில்லை. நான் அழுதேன்.

என் மனைவி ஸ்டெல்லா எங்கள் பிள்ளைகளோடு வீட்டில் அடைபட்டிருந்தாள். "நம்பர் எல்லாம் எறங்கணும்னு ஜெபம் பண்ணச் சொல்லு" என்று போனில் சொன்னேன். காய்ச்சல் இறங்கினால் நல்லதுதானே, நம்பரும் அப்படித்தான் என்று நினைத்தேன். சபையார் உபவாசமிருந்து அதையே கேட்டார்கள்.

மறுநாள், "லிம்போசைட் எறங்கியிருக்கு" என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. உடனே ஸ்டெல்லாவுக்குச் சொன்னேன். சபை வாட்ஸ்அப் குழுவில் நன்றி, நன்றி என்று வந்து குவிந்தது. நம் சபை ரோசி ஆன்ட்டி கேசரி கிண்டி, படமும் போட்டுவிட்டார்.

சுமதி என் சந்தோஷத்துக்குக் காரணம் கேட்டார். சொன்னதும் பதறிப்போனார்.

"அலமாக், அது எறங்கக் கூடாது லா, அண்ணே. அது கிருமியோட சண்ட போடுற அணு. ஏறணும். சிஆர்பின்னு இன்னொண்ணு இருக்கு, ஒடம்புக்குள்ள எவ்ளோ கொதிக்குதுன்னு காட்டும். அதுதான் எறங்கணும். ரெண்டுமே இப்ப சரியில்ல. டாக்டர் வேற மருந்து தொடங்குறாங்க."

உடனே மனைவியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "பின்னாடி நின்னு லாரிக்கு வழி சொல்ற மாதிரி ஆண்டவருக்கும் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. இனிமே ஸ்டீரிங்க அவர்கிட்ட விடுங்க" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அன்று மத்தியானம் மழை. கண்ணை மூடினேன். "ஆண்டவரே, எது ஏறணும், எது எறங்கணும்னு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். என்னைப் பிள்ளைங்ககிட்ட கொண்டுபோய்ச் சேர்த்திடும்." மழையின் சத்தமும் ஆக்சிஜன் சத்தமும் ஒன்றாகி, யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக மூச்சு விடுவது போல் கேட்டது. அந்த மூச்சோடு சேர்ந்து நானும் விட்டேன். நோய் அப்படியே இருந்தது. பயம் போய்விட்டது.

சில நாளில் கொதிப்பைக் காட்டும் நம்பர் இறங்கத் தொடங்கியது. மற்றது மெல்ல ஏறியது. தொண்டைக் குழாய் தேவைப்படவில்லை. டாக்டர் கையாலும் மருந்தாலும் தாதியின் பொறுமையாலும் ஆண்டவர் எனக்குப் பதில் தந்தார்.

இப்போது ஜெபத்தில் நான் அவருக்கு வழி சொல்வதில்லை. பிள்ளைகளே, பரீட்சையோ காய்ச்சலோ, உங்கள் பயத்தை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

வீடு திரும்பிய அன்று ரோசி ஆன்ட்டி மறுபடியும் கேசரி கிண்டிக் கொண்டுவந்தார். எனக்கு வாசனை உணர்வு இன்னும் திரும்பியிருக்கவில்லை. இனிப்பு மட்டும் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.